எத்தனை மில்லிமீட்டர் இறக்கலாம்? திருப்பதிச் சாலைகளில் தாழ்த்திய காரின் கணக்கு

திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று சென்னையிலிருந்து திருப்பதிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 716-ல், குடும்பத்தோடு மலைக்குப் போகும் கார்களுக்கு நடுவே தாழ்த்தப்பட்ட கார்களையும் இப்போது பார்க்க முடிகிறது. டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல்கூட நுழையாது. பெரும்பாலும் ஸ்விஃப்ட், போலோ, வெர்னா, ஆக்டேவியா. ஓட்டுபவர் பெரும்பாலும் முப்பது வயதுக்குள். காரை அவர் நேசிக்கிறார், பணம் செலவழித்திருக்கிறார், கார் முன்பைவிட நன்றாக ஓடுகிறது என்றும் நம்புகிறார்.

அந்த நேசத்தை மதித்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சஸ்பென்ஷனை இறக்குவதால் தெருவில் ஓடும் காருக்குக் கிடைப்பது என்ன, பறிபோவது என்ன, எந்த வழியில் இறக்குகிறார்கள், நம் சாலையும் சட்டமும் எவ்வளவு இடம் தருகின்றன என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். பட்டறையில் முதல் கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. மிச்ச மூன்றுக்கும் பதில் சொல்வது காரின் அடிப்பாகமும் ஓட்டுபவரின் பணமும்தான்.

பழக்கம் எங்கிருந்து வந்தது

காரைத் தாழ்த்துவதற்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று பந்தயத் தடம். சமதளமான தார்ப்பரப்பில், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வளைவுக்குள் நுழையும் காருக்குத் தாழ்ந்த ஈர்ப்பு மையம் உண்மையான ஆதாயம். காரின் அடியில் ஓடும் காற்றும் அந்த வேகத்தில் ஒரு பொருட்டாகிறது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறைக்கும், 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் வளர்ந்த தலைமுறைக்கும் இது தெரிந்த கதை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, தரையோடு ஒட்டி ஓடும் போர்ஷேயின் படம் தமிழ்நாட்டில் எல்லாருடைய செல்போனிலும் வந்து சேர்ந்தது.

இன்னொரு மூலம் அழகு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் ஸ்பிரிங்கை வெட்டியும் காரைத் தாழ்த்தி மெதுவாக ஓட்டினார்கள். காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்று அந்த மாநிலம் 1958-ல் சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டே ரான் அகிரே என்ற இளைஞர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் உயர்த்திக்கொள்ளலாம், போனபின் இறக்கிக்கொள்ளலாம். மெதுவாக ஓட்டிக் காட்டுவதற்காகவே பிறந்த பழக்கம் அது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த இரண்டும் கலந்ததுதான் நம் ஊர்க் குழப்பம். அழகுக்காக இறக்கிவிட்டு, கார் நன்றாக வளைகிறது என்று காரணம் சொல்கிறோம். அழகு தவறான நோக்கம் இல்லை. ஆனால் எந்த நோக்கத்துக்காக இறக்குகிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் எத்தனை மில்லிமீட்டர் என்று முடிவு செய்ய முடியாது.

கிடைப்பது எவ்வளவு

கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. மாறும் எடை குறைந்தால் நான்கு டயர்களும் சமமாகப் பிடிக்கும். இந்த மாற்றத்தைத் தீர்மானிப்பவை காரின் எடை, வளைவின் விசை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஆகிய நான்கும்தான்.

ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மி.மீ., சக்கர அகலம் 1,500 மி.மீ. என்று வைப்போம். புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவிசை வரும் ஒரு வளைவில் சுமார் 183 கிலோ எடை வெளிப்பக்கம் மாறும். இது தெருவில் நல்ல விறுவிறுப்பான வேகம். பின்சீட்டில் இருப்பவர் கைப்பிடியைத் தேடுவார். இப்போது காரை 30 மி.மீ. இறக்கினால் மாறும் எடை 173 கிலோ. பத்து கிலோதான் வித்தியாசம், சதவீதத்தில் ஐந்தரை. நல்ல டயருக்கும் தேய்ந்த டயருக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

அப்படியானால் ஸ்பிரிங் மாற்றியவர், கார் இப்போது சாய்வதே இல்லை என்று சொல்வது பொய்யா? பொய்யில்லை. அவர் உணர்வது உயரக் குறைவின் பலனை விட, புது ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்பின் பலனை. இறக்கும் ஸ்பிரிங்குகள் பொதுவாகக் கம்பெனி ஸ்பிரிங்கைவிட 20 முதல் 30 சதவீதம் கெட்டியாக இருக்கும். அதோடு பழைய ஷாக் அப்சார்பரும் மாறியிருந்தால் பாதிப் பலன் அதிலிருந்தே வந்திருக்கும். அதே விறைப்பை உயரம் குறைக்காமலும் பெறலாம் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

காற்றுத் தடை குறையும் என்பது இன்னொரு வாதம். நாற்கரச் சாலையில் காருக்கு அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், நகராட்சி எல்லைக்குள் 70. இந்த வேகங்களில் 30 மி.மீ. இறக்கத்தால் மிச்சமாகும் பெட்ரோலை வைத்து, அந்த ஸ்பிரிங் வாங்கிய பணத்தைக் கார் விற்கும் நாள் வரைக்கும் மீட்க முடியாது.

பறிபோவது: சக்கரம் மேலே போகும் தூரம்

சஸ்பென்ஷன் பற்றிய பேச்சில் தரை இடைவெளியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு. கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேல்நோக்கி எவ்வளவு தூரம் போனபின் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் என்ற அளவு அது. மாடியிலிருந்து குதிப்பவர் முழங்காலை மடக்கித் தரையிறங்குவார். முன்பே பாதி மடங்கிய காலோடு குதித்தால் அடி இடுப்பில் விழும். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் காரை இறக்குவது அந்த இரண்டாவது குதிப்பு.

கணக்கு இப்படி. ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது அழுந்தும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மேல்நோக்கி 70 மி.மீ. இடம் இருந்த காரை 30 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 40. பழைய 70 மி.மீ. தூரத்தில் உள்வாங்கிய அதே குழியை இந்த 40-க்குள் உள்வாங்க வேண்டுமானால், ஸ்பிரிங் மூன்று மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். நம் கையில் இருப்பதோ கால் பங்கு மட்டும் கெட்டியான ஸ்பிரிங். அது அந்த ஆற்றலில் ஏறத்தாழ 41 சதவீதத்தைத்தான் வாங்கும். மிச்சத்தை பம்ப் ஸ்டாப் வாங்குகிறது, அதற்கப்புறம் ஸ்ட்ரட் மவுன்ட், அதற்கப்புறம் காரின் உடல்.

அப்படியே மூன்று மடங்கு கெட்டி ஸ்பிரிங் போட்டுவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. சாதாரண காரின் உடல் விநாடிக்கு 1.2 முதல் 1.5 முறை மேலும் கீழும் அசையும்படி ஸ்பிரிங்கைத் தேர்ந்திருப்பார்கள். மனிதன் நடக்கும் தாளத்தை ஒட்டிய அசைவு அது, உடம்புக்குப் பழகியது. 1.3 ஹெர்ட்ஸில் அசையும் காரின் ஸ்பிரிங்கை மூன்று மடங்காக்கினால் அது 2.25 ஹெர்ட்ஸுக்கு ஏறும். பந்தயக் கார் அப்படித்தான் இருக்கும். ஆனால் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. ஸ்பிரிங் கெட்டியாகும் ஒவ்வொரு படியிலும் நாம் அந்த எல்லையை நோக்கிப் போகிறோம். கெட்டியான காரின் சக்கரம் மேடுபள்ளச் சாலையில் தரையை விட்டு எழும்பவும் செய்யும். தரையைத் தொடாத டயருக்குப் பிடி கிடையாது.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1962-ல் வெளியிட்ட எலான், உலகின் மிக நேர்த்தியாக வளையும் கார்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. அதில் அவர் கையாண்டது மென்மையான ஸ்பிரிங், தாராளமான சக்கரப் பயணம், கவனமாகத் தேர்ந்த ஷாக் அப்சார்பர், குறைந்த எடை. நல்ல கையாளலுக்கு விறைப்புதான் ஒரே வழி என்ற நம்பிக்கைக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்த மறுப்பு அந்தக் கார்.

கண்ணுக்குத் தெரியாத கோணங்கள்

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மேக்பர்சன் ஸ்ட்ரட். அதன் லோயர் ஆர்ம், கார் நிற்கும் நிலையில் கிடைமட்டமாகவோ, சக்கரப் பக்கம் சற்றே தாழ்ந்தோ இருக்கும்படி வைத்திருப்பார்கள். காரை இறக்கினால் ஆர்மின் சக்கரப் பக்கம் மேலே ஏறிவிடும். அப்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், கார் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். ஈர்ப்பு மையம் 550 மி.மீ., சாய்வு மையம் 80 மி.மீ. உயரத்தில் இருந்தால் இடைவெளி 470. காரை 30 இறக்கியதால் சாய்வு மையம் 60 இறங்கியது என்று வைத்தால், இடைவெளி 520-லிருந்து 20 போக 500. சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிட்டது. உயரத்தைக் குறைத்தும் கார் கூடுதலாகச் சாய விரும்புகிறது. கெட்டி ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தேர்ந்த பந்தய மெக்கானிக்குகள் பால் ஜாயின்ட்டின் இடத்தை மாற்றி இதைச் சரிசெய்வார்கள். தெருவோரப் பட்டறையில் அது நடப்பதில்லை.

இரண்டாவது, ஸ்டீயரிங் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே கோணத்தில் நகராமல் போகும். மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பும். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருப்பதைச் சிலர் ஸ்போர்ட்டியான உணர்வு என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது, கேம்பரும் டோவும் மாறும். சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கேம்பர் கொஞ்சம் கூடினால் டயர் தாங்கும். டயரைத் தின்பது டோ, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம். இறக்கிய காரை வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டியவர், சக்கரத்தை முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு முன் டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்க்கட்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பம்போல் கீறலாகவும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. வெளிப்பக்கம் பார்த்தால் டயர் புதிதுபோலத் தெரியும். உள்பக்கம் கம்பி வெளியே வரும் நிலையில் இருக்கும். மலையிறக்கத்தில் வெடிக்கும் டயர் இப்படிப்பட்டதாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

முகப்பு விளக்கும் இதில் உண்டு. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக இறங்கினால், 50 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கீழே விழும். இரவு நெடுஞ்சாலையில் அது பார்வை தூரத்தை நேரடியாகக் குறைக்கும். விளக்கின் கோணத்தை மறுபடி சரிபார்ப்பவர் மிகச் சிலரே.

இறக்கும் வழிகள்

முதல் வழி ஸ்பிரிங்கை வெட்டுவது. செலவு மிகக் குறைவு, ஆபத்து மிக அதிகம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது 20 சதவீதம் கெட்டியாகிறது என்பது உண்மை. ஆனால் வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. கேஸ் கட்டரால் வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும். சக்கரம் ஒரு பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தன் இடத்தைவிட்டு நகரலாம். எவ்வளவு அனுபவசாலியான மெக்கானிக் சொன்னாலும் இதைச் செய்யக் கூடாது.

இரண்டாவது, இறக்குவதற்கென்றே தயாரித்த ஸ்பிரிங். ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற பெயர்கள் இங்கும் பரிச்சயமானவை. இவற்றில் பல, தொடக்கத்தில் மென்மையாகவும் அழுந்த அழுந்தக் கெட்டியாகவும் ஆகும்படி சுற்றப்பட்டவை. பொருள் தரமானதுதான். ஆனால் கம்பெனி ஷாக் அப்சார்பரோடு இவற்றைச் சேர்க்கும்போது, ஷாக் அப்சார்பர் எப்போதும் அழுந்திய நிலையிலேயே வேலை செய்கிறது. 60,000 கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக் அப்சார்பரோடு புது ஸ்பிரிங்கைச் சேர்ப்பது பணத்தைப் பாதி வீணாக்குவது.

மூன்றாவது காயில்ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுதி; உயரத்தை மரை திருகி மாற்றலாம். நல்ல தயாரிப்புகளில் அடிப்பகுதியைத் தனியே திருகி உயரத்தைக் குறைக்க முடியும் என்பதால் ஷாக் அப்சார்பர் அழுந்தும் தூரம் குறையாது. மேலே சொன்ன முழங்கால் சிக்கலுக்கு உண்மையான தீர்வு இதுதான். ஆனால் விலை ஸ்பிரிங்கைப் போலப் பல மடங்கு; தூசியும் மழைநீரும் மரையில் படிந்து இறுகிவிடும் என்பதால் பராமரிப்பும் வேண்டும். மலிவான தொகுதிகளில் உயரம் மட்டும் மாறும். உள்ளே உள்ள வால்வு இந்தியச் சாலைக்கு ஏற்றதாக இருக்காது.

நான்காவது காற்றுப்பை. தேவைப்படும்போது உயர்த்திக்கொள்ளலாம். 1955-ல் வந்த சிட்ரோயன் டிஎஸ் எண்ணெயும் வாயுவும் கலந்த சஸ்பென்ஷனால் இதை அழகாகச் செய்துகாட்டியது. போர்ஷே இன்று 911-ல் முன்பக்கத்தை மட்டும் ஏறத்தாழ 40 மி.மீ. தூக்கும் ஏற்பாட்டைத் தருகிறது. எந்த இடத்தில் தூக்கினோம் என்பதை நினைவில் வைத்து அடுத்த முறை தானாகவே தூக்கவும் அதற்குத் தெரியும். ஜெர்மனியின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியே, தாழ்ந்த காருக்குத் தெருவில் உயரம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு செய்த வேலை அது.

திருப்பதி கேட்கும் உயரம்

இனி சாலைக்கு வருவோம். எதிரி வேகத்தடைதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த வேகத்தடை என்று கேட்க வேண்டும்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட 99-ஆம் எண் வழிகாட்டி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் 17 மீட்டர் ஆர வளைவும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கானது அது. சக்கர இடைவெளி 2,450 மி.மீ. உள்ள ஒரு கார் அதன்மேல் சரியாக நடுவில் நிற்கும்போது, முன்சக்கரமும் பின்சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். வடிவக் கணக்குப்படி நடுவில் மேடு காரின் அடியை நோக்கி வருவது 4.4 சென்டிமீட்டர் மட்டுமே. 100 மி.மீ. தரை இடைவெளி உள்ள கார்கூட இடிக்காமல் கடந்துவிடும்.

நம் ஊர்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வடிவம் கிடையாது. விபத்து ஒன்று நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் நெருக்கிப் போட வைத்த மேடு. ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உயரம். இதில் கார் நடுவில் இருக்கும்போது நான்கு சக்கரங்களும் சமதளத்தில், மேடு முழுவதும் அடிவயிற்றுக்குக் கீழே. ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; அதுவும் ஆளில்லாமல் அளந்தது. 35 மி.மீ. இறக்கினால் 128. ஆயில் சேம்பர் அடி வாங்குவது நிச்சயம். குழந்தைகள் சாலையைக் கடக்கும் இடத்தில் மேடு போடக் கேட்பது நியாயமானது; அதை வழிகாட்டியின்படி போடச் சொல்வதும் அதே அளவு நியாயமானது. உயரமான மேட்டில் அவதிப்படுவது தாழ்த்திய கார் மட்டுமில்லை. ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரும், பைக்கின் பின்னால் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணியும்தான் முதலில் அவதிப்படுகிறார்கள்.

சுமை அடுத்தது. திருப்பதிக்கு யாரும் தனியாகக் காரில் வருவதில்லை. நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், துணிப்பை, திரும்பும்போது லட்டுப் பை. பின் அச்சின்மேல் மட்டும் கூடுதலாக 200 கிலோ ஏறினால், சிறிய காரின் பின்பக்கம் 40 மி.மீ. அளவுக்கு அமர்ந்துவிடும். ஏற்கனவே 30 மி.மீ. இறக்கியிருந்தால் மொத்தம் 70. மேல்நோக்கிய பயணத்தில் பம்ப் ஸ்டாப்புக்கு முன் எதுவும் மிஞ்சாது. தனியாக ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்த கார், குடும்பத்தோடு கிளம்பும் நாளில் வேறு கார்.

மழையும் கணக்கில் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதையும், அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மலைப்பாதையில் பாறைகள் சரிந்து போக்குவரத்து நின்றதையும் இந்த ஊர் மறக்கவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 30 மி.மீ. அருகில் வருவது அப்படிப்பட்ட நாளில் இன்ஜினையே தீர்மானிக்கும்.

கடைசியாக மலைப்பாதை. திருமலைக்கு இரண்டு பாதைகள்: 1944-ல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு, 1974-ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதை என்பதால், ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை ஏது என்று தோன்றும். ஆனால் தேவஸ்தானம் ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடமும் ஆக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதற்கு முன் வந்து சேர்ந்தால் அபராதம். ஏறும்போது சராசரி மணிக்கு 38 கிலோமீட்டர் அளவு, இறங்கும்போது 28 அளவு. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் கடந்தால் பக்கவிசை புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். சாதாரண டயர் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். கம்பெனி சஸ்பென்ஷனுக்கே இந்தப் பாதையில் பாதி வேலைகூட இல்லை. பாக்கராப்பேட்டை மலைச்சாலை, மொகிலி மலைச்சாலை என்று சித்தூர்ப் பக்கம் விபத்துக்குப் பேர்போன இறக்கங்களிலும் உயிர் காப்பவை நல்ல பிரேக், நல்ல டயர், குறைந்த கியர். காரின் உயரம் அந்தப் பட்டியலில் வராது.

சட்டமும் காப்பீடும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வைத்திருக்கிறது. ஆர்.சி.யில் தரை இடைவெளி என்று ஒரு கட்டமே கிடையாதே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் உதிரி பாகங்களைச் சேர்த்துச் செய்யும் மாற்றத்தையும் 182ஏ பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வாதத்தைச் சாலையோரச் சோதனையில் நின்று நிரூபிப்பது சுலபமில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

வெளிநாடுகளில் தடைக்குப் பதில் அளவுகோல் இருக்கிறது. ஜப்பானில் வாகனப் பரிசோதனையில் 90 மி.மீ. தரை இடைவெளி இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் சான்று பெற்ற ஸ்பிரிங்கைப் பொருத்தி, பரிசோதகரிடம் காட்டி, ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். எது பாதுகாப்பானது, எது இல்லை என்று அங்கே ஒரு நிபுணர் பார்த்துச் சொல்கிறார். நம் நாட்டிலும் அப்படி ஒரு வழி வேண்டும். ஒரேயடியாகத் தடை என்றால் தரமான ஸ்பிரிங்கும் கேஸ் கட்டரால் வெட்டிய ஸ்பிரிங்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. மலிவானதும் ஆபத்தானதும் அதனால்தான் இருட்டில் பிழைக்கின்றன.

தெரிந்தவர்கள் எவ்வளவு இறக்கினார்கள்

இந்தியச் சாலைக்கு ஸ்போர்ட்ஸ் கார் செய்தவர்களின் தேர்வைப் பார்ப்பது பயன்தரும். கோயம்புத்தூரின் ஜெயெம் ஆட்டோமோடிவ்ஸ், பந்தயக் கார் கட்டுவதில் நீண்ட அனுபவம் உள்ள நிறுவனம். டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரண்டு கார்களை வெளியிட்டது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 குதிரைத்திறன், அகலமான டயர், மறுபடி அமைத்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். எல்லாம் செய்தவர்கள் டியாகோவை எவ்வளவு இறக்கினார்கள் தெரியுமா? 4 மி.மீ. தடத்தில் எவ்வளவு தாழ்த்தினால் என்ன கிடைக்கும் என்று யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள். தெருவுக்கு என்று வந்தபோது அவர்கள் நம்பியது டயரையும் ஷாக் அப்சார்பரையும்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் எதிர்த்திசையில் போகின்றன. 2019-ல் இங்கு வந்த பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கை, பிற நாடுகளில் விற்றதைவிட உயர்த்தித்தான் விற்றார்கள். நம் பக்கத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இயங்கும் இசுஸு ஆலையிலிருந்து வெளிவருவது உயரமான பிக்கப் வண்டிகள். இந்தச் சாலையில் எது விலைபோகும் என்று ஆலைகள் அறிந்திருக்கின்றன.

என் முடிவு

இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வருகிறேன். திருப்பதியிலோ சித்தூரிலோ தினமும் ஓட்டும் காரைத் தாழ்த்தத் தேவையில்லை. ஓட்டுபவர் தேடும் உறுதியை வேறு வரிசையில் செலவழித்துப் பெறலாம்.

முதலில் டயர். ரேணிகுண்டாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சின்னபண்டூரில் 2020 முதல் அப்போலோ டயர்ஸ் ஆலை இயங்குகிறது. நல்ல டயருக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. 185/65 ஆர்15 போட்டிருக்கும் காருக்கு 195/55 ஆர்16 போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ மாறாது. 195/50 ஆர்16 என்றால், ஸ்பிரிங்கைத் தொடாமலேயே கார் 10 மி.மீ. தாழ்ந்துவிடும், கவனம் வேண்டும். கார் கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுக்குள் நிற்பது நல்லது. அடுத்து, தேய்ந்த புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் மாற்றி அலைன்மென்ட் செய்வது. சாய்வு இன்னும் உறுத்தினால், அந்தக் காரின் உயர்ந்த மாடலில் கம்பெனியே போட்ட தடிமனான ஆன்டி ரோல் பார் பொருந்துமா என்று பார்ப்பது. சாய்வைக் குறைக்கும், ஒரு மில்லிமீட்டர் உயரமும் போகாது.

இத்தனைக்குப் பிறகும் இறக்கியே தீர வேண்டும் என்பவர், முதலில் தன் காரை அளக்கட்டும். சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் ரப்பர் உறையைத் தூக்கி, பளபளக்கும் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அதை ஷாக் அப்சார்பரின் வாயோடு ஒட்டித் தள்ளிவைக்க வேண்டும். பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சந்திரகிரி வரைக்கும், வழக்கமாகப் போகும் வேகத்தில், வழக்கமான மேடுபள்ளங்களில் ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றிப் பார்க்கட்டும். கம்பி எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரம் டை மேலே நகர்ந்திருக்கும். அதற்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் மிஞ்சியதுதான் அந்தக் காரில் இறக்கக் கிடைக்கும் உண்மையான இடம். பல கார்களில் அது 15 மி.மீ.கூட இருக்காது. சிலவற்றில் எதுவும் இருக்காது. பம்ப் ஸ்டாப்பில் டையின் தடம் பதிந்திருக்கும்.

பட்டறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த அளவை எடுத்துக் காட்டாமல் யாருக்கும் ஸ்பிரிங் விற்காதீர்கள். முப்பது நிமிட வேலை, பத்து ரூபாய் டை. காரை இறக்க வரும் இளைஞர்களில் பலருக்கு இதை யாரும் சொன்னதில்லை; சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வேகத்தடையை வழிகாட்டியின்படி போடச் சொல்லி உள்ளாட்சியிடம் மனு கொடுப்பதில் அவர்களும் சேர்ந்துகொண்டால், பலன் தாழ்ந்த கார்களோடு நிற்காது. இந்தச் சாலையில் போகும் எல்லாருடைய முதுகுக்கும் அது நல்லது.